அக்குபங்சர் ஊசி நரம்பை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்குபங்சர் என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சிக்கு அது சர்வரோக நிவாரணி, இன்னொரு கட்சிக்குச் சுத்தப் பித்தலாட்டம். இருவரும் ஒரே விஷயத்துக்காகச் சண்டை போடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே இருப்பது இரண்டு கேள்விகள். ஊசி நரம்பு மண்டலத்தில் ஏதாவது செய்கிறதா என்பது ஒன்று. அதனால் நோயாளிக்கு என்ன பலன் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை ஓரளவு தெளிவாகவே கிடைத்திருக்கிறது. தகராறெல்லாம் இரண்டாவதில்தான். கீழே வரும் பதில்களில் இரண்டையும் கலக்காமல் இருக்க முயன்றிருக்கிறேன்.

ஊசியை நரம்பிலேயேவா குத்துகிறார்கள்?

இல்லை. இந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் நம் பேச்சுவழக்கு. "கையில் நரம்பு புடைத்திருக்கிறது" என்று நாம் சொல்வது ரத்தக்குழாயை. "நரம்பு ஊசி" ஏறுவதும் ரத்தக்குழாயில்தான். "கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டது" என்றால் பெரும்பாலும் அது தசை. போதாக்குறைக்கு "நரம்புத் தளர்ச்சி" என்று ஒன்றைச் சொல்லி, களைப்பு முதல் கைநடுக்கம் வரை எல்லாவற்றையும் அதில் அடைத்துவிடுகிறோம். இந்தப் பக்கத்தில் நரம்பு என்று வருவதெல்லாம் மூளை, தண்டுவடத்துக்கும் உடம்பின் மற்ற பாகங்களுக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் இழைகளை மட்டுமே குறிக்கும்.

அக்குபங்சர் ஊசி தோலைத் தாண்டி, அதன் கீழுள்ள இணைப்புத் திசுவுக்கோ தசைக்கோ போகிறது. ஊசி வைக்கும் இடங்களைப் புள்ளிகள் என்பார்கள், அவற்றில் பல பெரிய நரம்புகளுக்கு அருகில் இருப்பது உண்மை. மணிக்கட்டின் உட்பக்கம், மடிப்பிலிருந்து மூன்று விரல் அளவு மேலே உள்ள நெய்குவான் புள்ளிக்கு நேர் கீழே மீடியன் நரம்பு ஓடுகிறது. முழங்காலுக்குக் கீழே காலின் வெளிப்பக்கம் உள்ள சூசான்லி புள்ளிக்கு ஆழத்தில் பெரோனியல் நரம்பின் கிளை இருக்கிறது. ஆனாலும் குறி நரம்பு இல்லை. ஊசியின் தடிமன் பொதுவாக 0.16 முதல் 0.30 மில்லிமீட்டர், நுனியும் மருந்து ஏற்றும் ஊசிபோல வெட்டுமுனை கொண்டதல்ல. தவறி நரம்பில் பட்டால் ஷாக் அடித்ததுபோல் சுரீரென்று ஓடும். விவரம் தெரிந்தவர் உடனே ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிடுவார்.

குத்தியதும் வலிக்காமல், கனமாக, மதமதவென்று ஏதோ பரவுகிறதே, அது என்ன?

சீன மருத்துவத்தில் அதை "தே சீ" என்பார்கள், "சீ வந்து சேர்ந்தது" என்று பொருள். சீ என்பது உடம்பில் ஓடுவதாக அந்த மருத்துவம் நம்பும் உயிராற்றல். ஊசியைத் திருகும்போதோ மெல்ல மேலும் கீழும் அசைக்கும்போதோ வருகிற கனம், மந்தமான வலி, மரமரப்பு, உள்ளே ஏதோ உப்புவது போன்ற உணர்ச்சி எல்லாம் அதில் அடக்கம்.

நரம்பியல் வேறு கதை சொல்கிறது. தொடுகையையும் அழுத்தத்தையும் சொல்லும் ஏ-பீட்டா இழைகள் தடித்தவை, வேகமானவை. கூர்மையான குத்தலைச் சொல்லும் ஏ-டெல்டா இழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி அனுப்பும். மந்தமான, பரவிய வலியைச் சொல்லும் சி இழைகளோ நொடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று ஆமைபோல் நகரும். கால் விரலைக் கதவில் இடித்துக்கொண்டால் முதலில் 'சுள்' என்று ஒன்றும், ஒரு மூச்சு கழித்து 'விண்விண்' என்று இன்னொன்றும் வருவது இதனால்தான். தே சீ என்பது இந்த இழைகள் பலவும் தசை ஆழத்தில் ஒன்றாகத் தூண்டப்படும்போது மூளைக்குக் கிடைக்கிற கதம்பம்.

ஊசியைத் திருகும்போது பிடித்து இழுப்பதுபோல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இணைப்புத் திசுவின் கொலாஜன் நார்கள் ஊசியைச் சுற்றி, முள்கரண்டியில் நூடுல்ஸ் சுற்றுவதுபோல் சுற்றிக்கொள்கின்றன. அந்த இழுப்பு சுற்றியுள்ள செல்களுக்கும் நரம்பு முனைகளுக்கும் போய்ச் சேர்கிறது.

சரி, வலி எப்படிக் குறைகிறது?

ஒரே வழியில் இல்லை. ஊசி குத்திய இடம், தண்டுவடம், மூளை ஆகிய மூன்று இடங்களிலும் வேலை நடக்கிறது.

முதலில் குத்திய இடம். ஊசியால் சில செல்கள் சிதையும்போது ஏ.டி.பி. என்கிற ஆற்றல் மூலக்கூறு வெளியே கசிந்து, உடைந்து அடினோசின் ஆகிறது. அடினோசின் அருகிலுள்ள வலி நரம்புகளை மட்டுப்படுத்தும். 2010இல் எலிகளில் இதை அளந்தார்கள். சூசான்லி புள்ளியில் ஊசியை வைத்து அரை மணி நேரம் அவ்வப்போது திருகியபோது, அங்கே அடினோசின் சுமார் 24 மடங்கு ஏறியது, வலியும் குறைந்தது. அடினோசினை ஏற்றுக்கொள்ளும் ஏ-1 ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகளுக்கு எவ்வளவு திருகினாலும் பலன் இல்லை. இன்னொரு நுணுக்கம்: ஊசியைச் சும்மா வைத்துவிட்டுத் திருகாமல் விட்டாலும் பலன் இல்லை.

அடுத்தது தண்டுவடம். 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 'வாயில்' கோட்பாட்டை முன்வைத்தார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது, தடித்த தொடுகை இழைகள் வேலை செய்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும் என்பது சாரம். முட்டி இடித்த இடத்தைக் கை தானாகத் தேய்த்துவிடுவது இந்தக் கதவைச் சாத்தத்தான். கோட்பாட்டின் விவரங்கள் பிற்பாடு நிறையத் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்துவிட்டது.

மூன்றாவது, மேலிருந்து கீழே வருகிற கட்டளை. நடுமூளையில் ஒரு சாம்பல் நிறப் பகுதி இருக்கிறது. அங்கிருந்து மூளைத்தண்டு வழியாக இறங்கும் நரம்புகள் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்றவற்றைத் தண்டுவடத்தில் விட்டு, வலி ஏறி வருவதை அங்கேயே தணிக்கும். ஆழமான, சற்றே வலிக்கிற தூண்டுதல் இந்த ஏற்பாட்டை எழுப்பிவிடும். காலில் குத்தினால் தலைவலி ஏன் குறைய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது: கட்டளை மூளையிலிருந்து வருவதால் அது உடம்பு முழுவதற்கும் போகும்.

"எண்டார்பின் சுரக்கிறது" என்று எல்லோரும் சொல்கிறார்களே, நிரூபித்திருக்கிறார்களா?

பெரும்பாலும் ஆம். உடம்பே ஓபியத்தைப் போன்ற பொருளைச் சுரக்கிறது என்று 1975இல் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் எண்டார்பின் குடும்பத்தைச் சேர்ந்த என்கெபலினைக் கண்டுபிடித்துக் காட்டியதும், அக்குபங்சர் ஆய்வாளர்களுக்கு ஒரு சாவி கிடைத்தது. நாலோக்சோன் என்ற மருந்து ஓபியத்தின் வேலையை முறிக்கும். ஊசியின் வலிநிவாரணம் ஓபியம் போன்ற பொருளால்தான் வருகிறது என்றால், நாலோக்சோன் கொடுத்ததும் அது காணாமல் போக வேண்டுமே? 1976இல் எலிகளிலும், 1977இல் பல்வலித் தூண்டுதலுக்கு உட்பட்ட மனிதர்களிலும் அப்படியே நடந்தது. பிறகு வந்த எல்லாச் சோதனைகளும் அவ்வளவு தெளிவாக அமையவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கும் முந்தைய ஒரு சீனச் சோதனை. பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் குழுவினர் ஒரு முயலுக்கு அக்குபங்சர் கொடுத்து, அதன் மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுத்து, ஊசியே படாத இன்னொரு முயலுக்கு ஏற்றினார்கள். இரண்டாவது முயலும் வலியை அதிகம் தாங்கியது. என்ன பொருள் என்று பெயர் சொல்ல முடியாத காலத்திலேயே, அது ஒரு ரசாயனம்தான், கைமாற்றிக் கொடுக்கக் கூடியது என்று அந்தச் சோதனை காட்டிவிட்டது.

மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு அந்த இடத்தில் அக்குபங்சர் செய்தால் பலன் வருவதில்லை என்பதும் எழுபதுகளிலேயே தெரிந்துவிட்டது. நரம்பு செய்தி அனுப்ப முடியாவிட்டால் ஊசிக்கு வேலை இல்லை.

ஊசியில் மின்சாரம் இணைக்கிறார்களே, அது எதற்கு?

கையால் திருகுவதற்குப் பதிலாகச் சின்ன மின்துடிப்பு. எவ்வளவு தூண்டினோம் என்று அளந்து சொல்ல முடியும் என்பதால் ஆய்வுக்கூடங்களுக்கு இது வசதி. ஹானின் ஆய்வுகளிலிருந்து வந்த முக்கியமான தகவல், துடிப்பின் வேகத்தைப் பொறுத்துச் சுரக்கும் பொருள் மாறுகிறது என்பது. நொடிக்கு 2 துடிப்பு என்றால் என்கெபலின், பீட்டா எண்டார்பின் வகை. நொடிக்கு 100 என்றால் தண்டுவடத்தில் டைனார்பின் என்ற இன்னொரு ஓபியம் போன்ற பொருள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் இரண்டு வகையும் கிடைக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு மின் அக்குபங்சர் வேண்டாம்.

எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும், எவ்வளவு நேரம் நிற்கும்?

1970களின் பெய்ஜிங் அளவீடுகளில், வலியைத் தாங்கும் அளவு மெல்ல ஏறி 20 முதல் 40 நிமிடத்தில் உச்சத்துக்கு வந்தது. ஊசியை எடுத்தபின் ஏறத்தாழக் கால் மணிக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தது. ஒரு அமர்வில் 20, 30 நிமிடம் ஊசியை விட்டு வைப்பது இதோடு ஒத்துப்போகிறது. நாள்பட்ட வலியில் பலன் மாதக்கணக்கில் நிற்பதை இந்தக் கணக்கு விளக்காது. அதற்கு மூளையின் வலி வலையமைப்பே மெல்லப் பழக்கம் மாறுகிறது என்றுதான் கருத வேண்டியிருக்கிறது.

வலி தவிர வேறு என்ன? வேகஸ் நரம்பைத் தூண்டும் என்கிறார்களே?

இதுதான் இப்போது ஆய்வு சூடாக நடக்கிற இடம். மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் என்று அலைவதால்தான் வேகஸுக்கு அந்தப் பெயர், லத்தீனில் 'அலைந்து திரிவது'. அழற்சியைக் கட்டுக்குள் வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

ஹார்வர்டில் கியுஃபு மா குழுவினர் எலிகளுக்குப் பாக்டீரிய நச்சைக் கொடுத்து அழற்சியைக் கிளப்பிவிட்டு, மின் அக்குபங்சர் செய்து பார்த்தார்கள். பின்னங்காலில் 0.5 மில்லி ஆம்பியர் என்ற மெல்லிய மின்னோட்டம் வேகஸ் வழியாக அட்ரினல் சுரப்பியைத் தட்டி எழுப்பி அழற்சியைக் குறைத்தது. அதே மெல்லிய மின்னோட்டத்தை வயிற்றில் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்பதற்கு 2021இல் விடை வந்தது. காலின் ஆழத்தில் எலும்பை ஒட்டிய உறைகளில் பரவியிருக்கும் ஒரு குறிப்பிட்ட வகை உணர்வு நரம்புகள்தான் இந்தச் சுற்றை இயக்குகின்றன, வயிற்றுப் பகுதியில் அவை அவ்வாறு இல்லை. அந்த நரம்புகளை மட்டும் நீக்கிவிட்டால் காலில் குத்தியும் பயன் இல்லை. 'இந்த நோய்க்கு இந்த இடத்தில்தான் குத்தவேண்டும்' என்ற பழைய வாதத்துக்கு உடற்கூறு சார்ந்த அடிப்படை கிடைத்தது இந்த ஆய்வில்தான் என்பது என் கருத்து.

ஆனால் அதே குழுவின் 2020ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு எச்சரிக்கையும் இருந்தது. வயிற்றில் வலுவான மின்னோட்டத்தை நச்சு கொடுப்பதற்கு முன்னால் தந்தால் அழற்சி குறைந்தது, அழற்சி கிளம்பிய பிறகு தந்தால் அதிகமானது. "பக்கவிளைவே இல்லாத சிகிச்சை" என்று விளம்பரம் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். உடம்பை மாற்றக்கூடிய எதுவும் தவறான பக்கமும் மாற்றும். எலியில் கண்டது மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று இன்னும் யாரும் காட்டவில்லை என்பதும் இருக்கிறது.

வாந்தி, குமட்டல் விஷயத்தில் மனிதர்களிடமே நல்ல ஆதாரம் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலுக்கு, மேலே சொன்ன நெய்குவான் புள்ளியைத் தூண்டுவது பல சோதனைகளில் பலன் தந்திருக்கிறது.

மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்களா?

நிறைய. ஊசி குத்தும்போது உணர்வுப் பகுதிகள் விழிப்பதும், அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் போன்ற உணர்ச்சி சார்ந்த பகுதிகளின் செயல்பாடு தணிவதும் 2000ஆம் ஆண்டிலிருந்தே பதிவாகியிருக்கின்றன. தே சீ வந்தவர்களிடம் இந்தத் தணிவு தெளிவாகத் தெரிந்தது. ஊசியோடு படுத்திருக்கும்போதே பலர் தூங்கிவிடுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம்.

ஸ்கேன் படம் என்றதும் மயங்கவும் கூடாது. 1998இல் வந்த ஒரு ஆய்வு, கால் சுண்டுவிரலோரம் கண்ணுக்கென்று சொல்லப்படும் புள்ளியில் குத்தினால் மூளையின் பார்வைப் பகுதி விழிக்கிறது என்றது. உலகமெங்கும் பேசப்பட்டது. 2006இல் அதை எழுதியவர்களில் பலர், புள்ளிக்கும் பகுதிக்கும் அப்படி ஒரு நேரடித் தொடர்பு இல்லை என்று சொல்லி ஆய்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முதல் செய்தியைப் பகிர்ந்தவர்கள் இரண்டாவதைப் பகிரவில்லை. இன்றும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மெரிடியன் என்பது நரம்பா?

இல்லை. சீ ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் தடம்தான் மெரிடியன், புள்ளிகள் அதன் மேல்தான் வரிசையாக இருக்கும். அறுத்துப் பார்த்தால் தெரியும்படி அப்படி ஒரு குழாயோ இழையோ கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 361 புள்ளிகளுக்குப் பெயர் தரப்படுத்தியிருக்கிறது. அது பெயருக்குக் கொடுத்த ஒழுங்கு, உடற்கூறுச் சான்று அல்ல. சில தடங்கள் நரம்போடும் தசை உறைகளின் இடைவெளியோடும் ஒத்துப்போகின்றன, பல ஒத்துப்போவதில்லை.

அப்படியானால் எல்லாம் மனப்பிரமைதானா?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

மாத்திரை என்றால் சர்க்கரை உருண்டை கொடுத்து ஒப்பிடலாம். ஊசிக்குப் போலி எது? தோலைத் தொட்டதும் தண்டுக்குள் மடங்கிவிடும் நாடகக் கத்திபோன்ற ஊசி ஒன்றை 1998இல் அறிமுகப்படுத்தினார்கள். புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திப் பார்த்தார்கள். 2009இல் 638 பேரிடம் நடந்த ஒரு முதுகுவலிச் சோதனையில் பல்குத்தும் குச்சியால் லேசாகத் தொட்டுவிட்டு ஊசி என்று நம்பவைத்தார்கள். குச்சிக்காரர்களும் ஊசிக்காரர்கள் அளவுக்கே குணமடைந்தார்கள்! ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களிடம் நடந்த சோதனையிலும் கிட்டத்தட்ட இதே கதை: ஆறு மாதம் கழித்துப் பலன் கண்டவர்கள் அசல் ஊசியில் 47.6 சதவீதம், போலியில் 44.2 சதவீதம், வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 சதவீதம்.

இதைப் பார்த்து ஒரு தரப்பு "போலிக்கும் அசலுக்கும் வித்தியாசமில்லை, பொய்" என்கிறது. மற்றத் தரப்பு "வழக்கமான சிகிச்சையைவிட மேல், மெய்" என்கிறது. இரண்டு வாசிப்புக்கும் அதே எண்கள்தான். போலி ஊசியும் தோலைத் தொடுகிறது, தொடுகையும் நரம்பு வழியேதான் போகிறது என்பதால் அது சர்க்கரை உருண்டைபோல் முழுச் செயலற்ற போலி இல்லை. எதிர்பார்ப்பும் மனசு என்ற மாயப் பெட்டியில் நடப்பதில்லை, மேலே சொன்ன அதே இறங்குவழி நரம்புகளைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது.

39 சோதனைகளில் பங்குபெற்ற 20,827 பேரின் தரவுகளைத் தனித்தனியாகச் சேர்த்து 2018இல் கணக்கிட்டபோது, நாள்பட்ட வலியில் அசல் ஊசி போலியைவிடக் கொஞ்சம் மேலாகவும், ஊசியே இல்லாத சிகிச்சையைவிட நன்றாகவே மேலாகவும் வந்தது. ஒற்றைத் தலைவலியிலும் இப்படித்தான். தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் ஊசியில் 50 சதவீதம், போலியில் 41 சதவீதம்.

போலியும் அசலும் நரம்பில் ஒரே வேலையைச் செய்கின்றனவா என்பதற்கு 2017இல் வந்த ஒரு மணிக்கட்டு ஆய்வு சுவையான பதில் தருகிறது. மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகும் கார்பல் டனல் நோயாளிகள் 80 பேர். அசலோ போலியோ, தொந்தரவு குறைந்ததாக எல்லோருமே சொன்னார்கள். ஆனால் நரம்பின் வழியே மின்செய்தி போகும் வேகமும், மூளையில் விரல்களுக்கான இடங்கள் தெளிவாகப் பிரிவதும் அசல் ஊசி பெற்றவர்களிடம் மட்டுமே முன்னேறின. அந்த மூளை மாற்றம் அதிகம் இருந்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்தும் பலன் நீடித்தது.

ஊசியே இல்லாமல் விரலால் தொட்டுச் செய்கிறார்களே?

மென்மையான, மெதுவான வருடலுக்கென்றே தோலில் தனியாகச் சி வகை இழைகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் அவை நன்றாகத் துடிக்கும், இதமாக இருக்கிறது என்ற உணர்வைத் தரும். ஆகவே தொடுகையால் மனம் அமைதிப்படுவது நம்பக்கூடியதே. ஆனால் அடினோசின், தே சீ, ஆழ்நரம்பு என்று இங்கே எழுதிய எதுவும் தொட்டுவிட்டு எடுக்கும் முறைக்குப் பொருந்தாது. ஊசியின் ஆய்வுகளைக் காட்டித் தொடுசிகிச்சைக்கு ஆதாரம் என்று சொல்வது நியாயமில்லை.

பக்கவாதம், முகவாதம், நரம்புச் சேதம் இவற்றைக் குணப்படுத்துமா?

அறுந்த, செத்த நரம்பை ஊசி முளைக்கவைக்கும் என்பதற்கு மனிதர்களில் நம்பகமான ஆதாரம் இல்லை. பக்கவாதத்துக்குப் பிந்தைய மறுவாழ்வில் பிசியோதெரபியோடு சேர்த்துச் செய்பவர்கள் உண்டு, ஆய்வுகளின் தரம் உறுதியாக எதையும் சொல்லும் அளவில் இல்லை.

நேரம் தவறக்கூடாது என்பதுதான் இங்கே பெரிய விஷயம். மூளையில் ரத்தம் அடைத்த பக்கவாதத்தில் உறைவைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போகவேண்டும். ஒருபக்க முகவாதத்தில் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். முதலில் ஊசி வைத்துப் பார்ப்போம் என்று காத்திருந்து இந்த நேரத்தைத் தொலைத்தால் திரும்ப வராது.

எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

உங்கள் குறை இல்லை. பலன் தெரியாத எலிகளை ஆராய்ந்தபோது, ஓபியம் போன்ற பொருட்களை எதிர்த்து வேலை செய்யும் சி.சி.கே. என்ற பொருள் அவற்றின் தண்டுவடத்தில் அதிகம் சுரப்பது தெரிந்தது. தொடர்ந்து மணிக்கணக்கில் தூண்டினாலும் அதே பொருள் ஏறிப் பலன் மங்குகிறது. "இன்னும் நேரம் கூட்டு, இன்னும் ஊசி கூட்டு" என்பது அதனால் எப்போதும் உதவாது. ஐந்தாறு அமர்வுக்குப் பிறகும் எந்த மாற்றமும் இல்லையென்றால் நான் விட்டுவிடுவேன்.

மயக்கம் வந்துவிட்டது. நரம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

வேகஸ் நரம்பு திடீரென்று ஓங்கி, இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சரிவதால் வருவது அது. ரத்தம் எடுக்கும்போது சிலர் விழுகிறார்களே, அதே மயக்கம். ஊசிகளை எடுத்துவிட்டுக் காலை உயர்த்திப் படுக்கவைத்தால் சரியாகும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், முதல் தடவை உட்கார்ந்தபடி அல்லாமல் படுத்தபடி செய்துகொள்ளுங்கள்.

மற்றபடி, ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கவனித்த பெரிய பதிவில் 8.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு வந்தது. பெரும்பாலும் சிறு ரத்தக்கசிவு, கன்றிப்போதல், வலி. நுரையீரல் உறையில் ஊசி பட்டுக் காற்று புகுந்தது இரண்டு பேருக்கு. மார்பு, தோள்பட்டைப் பகுதியில் ஊசி போட்ட அன்று மூச்சுத்திணறலோ நெஞ்சில் குத்தலோ வந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும். குத்திய இடத்திலிருந்து கீழே மரமரப்பு ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, கை கால் பலவீனமானாலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதாக இருக்கட்டும், உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள்.

வலிப்பு மாத்திரை, நரம்பு மாத்திரையெல்லாம் நிறுத்திவிட்டுத்தான் வரவேண்டும் என்கிறார்கள்?

அப்படிச் சொல்கிற இடத்துக்குப் போகாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். நரம்பு வலிக்குத் தரப்படும் மாத்திரைகளைக்கூடப் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும், எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டுத்தான். மாத்திரை வயிற்றில் இருந்தால் ஊசி வேலை செய்யாது என்பதற்கு நரம்பியலில் எந்த ஆதாரமும் இல்லை. மேலே சொன்ன பெரிய சோதனைகளில் கலந்துகொண்டவர்களில் ஏராளமானோர் தங்கள் மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டேதான் ஊசி போட்டுக்கொண்டார்கள்.